கார்புரேட்டரைக் கழற்றும் முன்

பழைய கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வண்டி போகப் போகத் திணறி நின்றுவிடுகிறது என்ற ஒரே குறையை வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, பெட்ரோல் டேங்கிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் வரையுள்ள பாதையைப் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் தந்தை 1984-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி, அவர் மறைவுக்குப் பின் பல ஆண்டுகள் ஷெட்டிலேயே நின்றது. சென்ற ஆண்டுதான் சரிசெய்து ஓட்டத் தொடங்கினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நன்றாக ஓடுகிறது. பிறகு இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. மெக்கானிக் மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் சரியாக இருக்கிறது, பிறகு பழையபடிதான். இப்போது புதுக் கார்புரேட்டரே வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: வாங்க வேண்டாம். நோய் இன்னதென்று உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளையான ஜெட்டுக்குள் ஒரு துகள் சிக்கிக்கொண்டால், வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திவைப்பதால் அது தானாக வெளியே வந்துவிடாது. ஜெட் அடைப்பின் அடையாளங்கள் வேறு. ஐடிலிங் ஜெட் அடைத்திருந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் இன்ஜின் அணைந்துவிடும், ஆனால் மிதித்திருக்கும்வரை ஓடும். மெயின் ஜெட் அடைத்திருந்தால் நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி, சாலையில் வேகமெடுக்க முயலும்போது மூச்சுத் திணறும். இரண்டுமே வண்டியைக் கிளப்பிய முதல் நிமிடத்திலிருந்தே தெரியும். பத்துக் கிலோமீட்டர் காத்திருக்கா.

உங்கள் வண்டியில் நடப்பது பெரும்பாலும் இதுதான். பல ஆண்டுகள் பாதி காலியாக நின்ற டேங்கின் மேற்சுவர்களில் துருப் பிடித்து, செதில் செதிலாக உதிர்ந்து அடியில் கிடக்கும். பம்ப் பெட்ரோலை உறிஞ்சும்போது அந்தச் செதில்களும் மெல்ல நகர்ந்து, டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயின் வாயிலும் அங்குள்ள வலையிலும் ஒட்டிக்கொள்ளும். வழி முழுதும் மூடியதும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி வண்டி நிற்கும். நின்றபின் உறிஞ்சும் விசை இல்லாததால் செதில்கள் உதிர்ந்து அடியில் படிந்துவிடுகின்றன, வழி திறக்கிறது, வண்டி கிளம்புகிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தபோது இரண்டு நாள் சரியாக இருந்ததற்கும் காரணம் உண்டு. அந்த வேலையின்போது மெக்கானிக்குகள் வழக்கமாகப் பெட்ரோல் குழாயையும் ஏர் வைத்து டேங்கை நோக்கி ஊதிவிடுவார்கள். அந்த ஊதல்தான் வலையைச் சுத்தம் செய்தது. பெயர் கார்புரேட்டருக்குப் போய்விட்டது.

ஆனால் ‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சூடேறியதும் நின்று, ஆறியதும் கிளம்புவது, தீப்பொறிக்கான மின்சாரத்தைக் கவனிக்கும் இக்னிஷன் காயிலுக்கும் கண்டென்சருக்கும் கூட உள்ள குணம். ஆகவே எதையும் கழற்றும் முன்பு, நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். மின்சாரம் போய் நிற்கும் வண்டி சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நிற்கும். பெட்ரோல் கிடைக்காமல் நிற்கும் வண்டி இழுவை குறைந்து, குலுங்கி, சில சமயம் கார்புரேட்டர் வழியாக ஒருமுறை தும்மிவிட்டு நிற்கும். சோக்கை இழுத்தால் கொஞ்சம் உயிர் வந்து இன்னும் நூறு அடி போகும். நீங்கள் விவரித்திருப்பது இரண்டாவது வகை.

அடுத்த முறை நிற்கும்போது, அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காமல் சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எந்தப் பம்பாலும் இழுக்க முடியாமல் போய்விடும். தொலைந்த மூடிக்குப் பதிலாகத் துளையே இல்லாத வேறு வண்டியின் மூடியைப் போட்டவர்கள் பலர். அவர்களுடைய கார்புரேட்டர்களும் பாவம் பலமுறை கழற்றப்பட்டிருக்கும்.

மூடியில் குறையில்லை என்றால் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் ஒருமுறை இழுங்கள். ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டராக இருந்தால் மெல்லிய பெட்ரோல் தாரை பீய்ச்ச வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் கிண்ணம் காலி. இனி, பெட்ரோல் எங்கே நின்றது என்று பின்னோக்கித் தேட வேண்டும்.

கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, அதன் நுனியை ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் விடுங்கள். காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பத்மினியின் பம்ப் கேம் ஷாஃப்ட் தள்ளும் நெம்புகோலால் இயங்குவது. ஆகவே இன்ஜின் சுற்றச் சுற்றத் துடிப்புத் துடிப்பாக, கனமாகப் பெட்ரோல் வந்து விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு அல்லது பம்ப். நுரைத்து, குமிழ்களோடு வந்தால் வழியில் எங்கோ காற்று புகுகிறது. அடுத்து, பம்புக்கு உள்ளே வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு புது ஹோஸைப் பொருத்தி, சுத்தமான பெட்ரோல் உள்ள தகரக் கேனிலிருந்து பம்பை உறிஞ்சவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். கேனிலிருந்து தாராளமாக வந்து, டேங்கிலிருந்து வரவில்லையென்றால், பம்பும் அதிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள எல்லாமும் குற்றமற்றவை. இந்த ஒரு சோதனை பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோலைக் கையாளுகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். சைலன்சர் குழாய்மீது ஒரு சொட்டும் விழக்கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வேடிக்கை பார்ப்பவர் கையில் சிகரெட் இருக்கக் கூடாது.

டேங்குக்கும் பம்புக்கும் இடையில் டேங்க் மட்டும்தான் குற்றவாளி என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் ஹோஸ் வெளியே பார்ப்பதற்குப் புதிது போலவே இருக்கும். உள்ளே அதன் அடுக்கு உரிந்து, நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். ஊதிப் பார்த்தால் காற்று தடையின்றிப் போகும், உறிஞ்சினால் அந்த நாக்கு வழியை அடைத்துக்கொள்ளும். ஆகவே பழைய ஹோஸைச் சோதித்துப் பார்ப்பதே வீண்; மாற்றிவிடுங்கள், பிறகு ஆவலுக்கு வேண்டுமானால் பழையதை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். அதேபோல, டேங்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள பகுதியில் ஊசிமுனையளவு துளை இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாது. மாறாகக் காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழாயில் இளநீர் குடிப்பது போன்ற நிலைதான் அது. கசிவைத் தேடி ஈரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஓட்டை அகப்படவே அகப்படாது.

டேங்க்தான் என்று உறுதியானால், வண்டியிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும். பாதியளவு வேலையாக, அடியிலிருந்து பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்திக்கொள்வதால் பயனில்லை. மிதவை அளவுமானியைக் கழற்றிவிட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வகை அழுக்கு இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. கருஞ்சிவப்பாக, பாகு போல, மூக்கைத் துளைக்கும் புளித்த வாடையோடு இருப்பது கெட்டுப்போன பெட்ரோலின் பிசின். அது தின்னரிலோ அசிட்டோனிலோ ஊறவைத்தால் கரையும். செதிலாக உதிர்வது துரு. அதற்கு, டேங்குக்குள் ஒரு முழம் இரும்புச் சங்கிலியையோ இரண்டு கை சிறு நட்டுகளையோ போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் குலுக்க வேண்டும். போட்ட நட்டுகளை எண்ணிப் போட்டு, எண்ணி எடுங்கள். பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி ஒரு நாள் வைத்திருந்து, வடித்து, சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, உடனே சூடான காற்றால் உலர்த்திவிட வேண்டும். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டால் போதும், புதுத் துரு படர்ந்துவிடும்.

டேங்கின் உட்புறம் பூசும் சீலர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஊசித் துளைகள் விழுந்த டேங்குக்கு மட்டுமே அதைச் சிபாரிசு செய்வோம். துருவை முழுதும் எடுக்காமல் அதன்மேல் பூசிய சீலர், பிறகு தாள் தாளாக உரிந்து வந்து உறிஞ்சுகுழாயை அடைக்கும். துருச் செதிலாவது வண்டி நின்றதும் குழாய் வாயிலிருந்து உதிரும், இது உதிராது. வெல்டிங் வைப்பவரிடம் டேங்கைக் கொடுப்பதாக இருந்தால், காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது என்பதை அவரும் நீங்களும் அறிந்திருக்க வேண்டும். வெடிப்பது உள்ளே தங்கியிருக்கும் ஆவி. பலமுறை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவாமல் தீயை அருகில் கொண்டுபோகக் கூடாது. இந்த வேலையைப் பழகிய ரேடியேட்டர் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

இடையிலுள்ள இரும்புக் குழாயை ஊதும்போது இரு முனைகளையும் கழற்றிவிட்டு ஊத வேண்டும். பம்போடு சேர்த்து ஊதினால், பெட்ரோலைத் தள்ளும் அதன் மெல்லிய சவ்வான டயஃப்ரம் கிழிந்துவிடும். பம்பின் மேல்மூடிக்குக் கீழே ஒரு வலை இருக்கிறது. அதை யாருமே கழற்றிப் பார்ப்பதில்லை. கடைசியாக, எல்லாம் சுத்தமான பின்பு, கார்புரேட்டரின் கிண்ணத்தை நான்காவது முறையாகவும் கடைசி முறையாகவும் திறந்து அடியில் படிந்த செந்தூளை எடுத்துவிடுங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்த வேண்டாம். அது பித்தளை, துளை ஒரு நூலிழை பெரிதானாலும் பெட்ரோல் செலவு கூடிவிடும். காற்றால் ஊதுங்கள், அதற்கும் மசியாவிட்டால் தூண்டில் நரம்பை விட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனது மொரிஸ் மைனர் 1000 காரில் திறப்பைப் போட்டவுடன் பெற்றோல் பம்ப் ‘டக் டக்’ என்று அடித்து நின்றுவிடும். சில நாட்களாக அந்தச் சத்தம் நிற்பதேயில்லை. சில வேளைகளில் சத்தமே இல்லை. கராஜில் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பம்பை மாற்றும் முன் அதன் பேச்சைக் கேளுங்கள். மொரிஸ் மைனரில் உள்ள எஸ்.யு. மின்சாரப் பம்ப் தன் நோயைத் தானே சொல்லும் அரிய கருவி. இன்றைய கார்களில் டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்புகளுக்கு இந்த நற்குணம் கிடையாது. சாவியைப் போட்டதும் மின்காந்தம் டயஃப்ரத்தை இழுக்கிறது, பெட்ரோல் உள்ளே வருகிறது. மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் பாயிண்ட் பிரிந்ததும் ஸ்பிரிங் டயஃப்ரத்தைத் திருப்பித் தள்ளுகிறது, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. ஒவ்வொரு ‘டக்’கும் ஒரு தள்ளல். கார்புரேட்டரின் கிண்ணம் நிரம்பி, அதன் வாயிலிலுள்ள நீடில் வால்வு மூடிக்கொண்டால் தள்ள இடமின்றிப் பம்ப் மௌனமாகிவிடும். இதுவே ஆரோக்கியமான பேச்சு.

நிற்காமல் படபடவென்று வேகமாக அடித்தால், பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. டேங்க் காலியாக இருக்கலாம். இல்லையேல் டேங்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள இணைப்பு ஒன்று தளர்ந்து காற்று புகுகிறது. இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது, சில விநாடிகளுக்கு ஒருமுறை நிதானமாக ஒரு ‘டக்’ கேட்டுக்கொண்டே இருந்தால், கார்புரேட்டரின் நீடில் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது பம்பின் வால்வுக்கடியில் தூசி உட்கார்ந்திருக்கிறது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்பது தெரிந்துவிடும்.

சத்தமே இல்லாத நேரத்தில்தான் அடைப்பா மின்கோளாறா என்ற கேள்வி வருகிறது. பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். உடனே அடிக்கத் தொடங்கினால், பம்ப் நலமாக இருக்கிறது, தடை கார்புரேட்டர் பக்கம் இருக்கிறது. நீடில் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, கார்புரேட்டரின் வாயிலில் வலை இருக்கும் வகையாக இருந்தால் அது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் டேங்கிலிருந்து வரும் பக்கத்துக் குழாயைத் தளர்த்துங்கள். அப்போது உயிர் வந்தால் அடைப்பு டேங்க் பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் அசையாமல், ஸ்பேனரின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டினால் மட்டும் அடிக்கிறது என்றால், பாயிண்ட் கருகியிருக்கிறது. அந்தப் பாயிண்ட் தொகுதி தனியாகவே கிடைக்கும். முழுப் பம்பை மாற்றத் தேவையில்லை. பம்பின் அடியிலுள்ள பெரிய திருகைக் கழற்றினால் அதற்குள்ளும் ஒரு வலை இருக்கும். கழற்றும்போது உள்ளே இருக்கும் பெட்ரோல் கொட்டும்; ஒரு கிண்ணத்தைக் கீழே வைத்துக்கொண்டு, அதில் விழுவது வெறும் பெட்ரோலா, செந்தூளும் சேர்ந்தா என்று பாருங்கள். செந்தூள் என்றால் காரைக்குடி வாசகருக்குச் சொன்னதையெல்லாம் உங்களுக்கும் சொன்னதாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: என் அம்பாசிடர் ஆண்டு முழுதும் நன்றாக ஓடுகிறது. ஆனால் மார்ச் முதல் மே வரை ஏற்காடு மலைப்பாதையில் பாதி ஏறியதும் நின்றுவிடுகிறது. டிரைவர் ஃப்யூயல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, கால் மணி நேரம் கழித்துக் கிளப்புகிறார். இது அடைப்பா? ஈரத்துணி சரியான வைத்தியமா?
(வாசகர், சேலம்)

பதில்: இது நம் பக்கத்தில் ‘ஏர் லாக்’ என்று சொல்லப்படுவது, ஆனால் உள்ளே இருப்பது காற்றன்று, பெட்ரோலின் ஆவி. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மெல்ல ஏறும்போது இன்ஜின் அறைக்குள் காற்றோட்டம் குறைந்து, இன்ஜினோடு ஒட்டிப் பொருத்தப்பட்ட பம்பும் அதையொட்டிய குழாயும் கொதிக்கின்றன. உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகிறது. ஆவியை அழுத்துவதில் பம்பின் உழைப்பு முழுதும் போய்விடுவதால், பெட்ரோல் நகர்வதில்லை. ஈரத்துணி ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. அது பழங்கால டிரைவர்களின் முறையான முதலுதவிதான், மூடநம்பிக்கை அன்று. ஆனால் வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. பக்கத்திலுள்ள, இன்ஜின் புகையை வெளியேற்றும் சூடான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு விரிசல் விட்டுவிடும்.

இருந்தாலும், அடைப்பே இல்லை என்று உங்களை அனுப்பிவைக்க மாட்டோம். ஒரு திரவத்தின்மீதுள்ள அழுத்தம் குறையக் குறைய அது குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். டேங்கின் வலையோ ஃபில்டரோ பாதி அடைத்திருந்தால், பம்ப் அதிக விசையோடு உறிஞ்ச வேண்டியிருக்கும். அந்த உறிஞ்சலில் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, முழு வழி திறந்திருந்தால் தாங்கியிருக்கக்கூடிய சூட்டையும் பெட்ரோலால் தாங்க முடியாமல் போகிறது. டிசம்பரில் சமதளச் சாலையில் வெளியே தெரியாத பாதி அடைப்பு, ஏப்ரலில் மலைப்பாதையில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் மேலே சொன்ன புட்டிச் சோதனையைச் செய்து, ஃபில்டரையும் ஹோஸையும் மாற்றுங்கள். அதன் பிறகும் நின்றால் சூட்டைத் தடுக்கும் வேலைக்கு வாருங்கள்: பம்புக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள தடித்த வெப்பத் தடுப்புத் துண்டு இருக்கிறதா, இல்லை முன்பு யாரோ வேலை செய்தவர் வெறும் தாள் கேஸ்கெட்டைப் போட்டு முடுக்கிவிட்டாரா என்று பாருங்கள், பெட்ரோல் குழாய் மேனிஃபோல்டை உரசிப் போனால் தள்ளிக் கட்டுங்கள், நடுவில் ஒரு தகட்டு மறைப்பு வையுங்கள்.

டேங்குக்கு அருகில் மின்சாரப் பம்ப் வைத்தால் இந்தத் தொல்லை அனேகமாக ஒழிந்துவிடும் என்பது உண்மை. உறிஞ்சப்படும் பெட்ரோலைவிடத் தள்ளப்படும் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கு ஏற்ற, சதுர அங்குலத்துக்கு 2 முதல் 4 பவுண்டு வரை மட்டுமே அழுத்தம் தரும் பம்பாக இருக்க வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியின் பம்பைப் போட்டால் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் வழிந்து தீப்பிடிக்கும். விபத்தில் வண்டி மோதினால் பம்பை உடனே நிறுத்தும் சுவிட்சும் சேர்ந்தே பொருத்தப்பட வேண்டும். அது இல்லாமல் மின்சாரப் பம்ப் வேண்டாம்.

கேள்வி: சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை வைத்திருக்கிறேன். இப்போது பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. அதற்குப் பின் ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது. பெட்ரோல்தான் காரணமா?
(வாசகர், சென்னை)

பதில்: பாதிக் காரணம் பெட்ரோல், பாதிக் காரணம் உங்கள் டேங்கில் ஏற்கெனவே இருந்த அழுக்கு. எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். ஐம்பது அறுபது ஆண்டுகளாக டேங்கிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு யாருக்கும் தொல்லை தராமலிருந்த பிசினை அது கரைத்துப் பெயர்த்துக் கொண்டுவருகிறது. ஆகவே தொடக்கத்தில் இரண்டு மூன்று ஃபில்டர்கள் அடுத்தடுத்து அடைப்பது எதிர்பார்க்கக்கூடியதே. அத்துடன் நின்றுவிட்டால் கவலையில்லை.

நீண்டகாலக் கவலை இரண்டு. முதலாவது ரப்பர். 1961 முதல் இங்கே தயாரான ஹெரால்டின் ஹோஸ், டயஃப்ரம், வாஷர் எதுவும் எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி, மெத்தென்றாகி, கரும்பொடியாகக் கரைந்து கார்புரேட்டருக்குள் வந்து சேரும். கிண்ணத்தின் அடியில் செந்தூள் இருந்தால் டேங்க், கரும்பொடி இருந்தால் ஹோஸ், வெண்சாம்பல் நிறப் பொடி இருந்தால் கார்புரேட்டரின் உலோகமே அரிக்கப்படுகிறது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஹோஸ் வாங்கும்போது அதன்மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற எரிபொருள் ஹோஸ் தரக்குறியீடு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் கறுப்பு ரப்பர் குழாயை மீட்டர் கணக்கில் அறுத்துத் தரும் கடையில் வாங்க வேண்டாம். பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது தண்ணீர். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றுத் துளையுள்ள மூடியோடு நிற்கும் வண்டிக்கு இது சிறு விஷயமன்று. ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சுகுழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். அந்தக் கலவையில் இன்ஜின் ஒழுங்காக ஓடாது, ஆனால் அது நன்றாக அரிக்கும்.

உங்கள் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அளவுக் கோடிட்ட 100 மி.லி. கண்ணாடிக் குழலில் 10 மி.லி. தண்ணீரும் அதன்மேல் 90 மி.லி. பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, நிலைக்கவிடுங்கள். எத்தனால் பெட்ரோலைவிட்டு இறங்கித் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியிலுள்ள அடுக்கு ஏறக்குறைய 28 மி.லி. அளவுக்கு உயர்ந்தால் 20 சதவீதம் கலந்திருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் எரிய அதன் எடையைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். பழைய ஜெட்டோடு புதுக் கலவையை எரிக்கும்போது பெட்ரோல் போதாமல் இன்ஜின் திணறுவது போலத் தோன்றும். அதை அடைப்பு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஃபில்டரும் ஹோஸும் புதிதாக இருந்தும் ஏற்றத்தில் திணறல் தொடர்ந்தால், மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை. புதுக்கோட்டையில் உள்ள பத்மினியைப் பொங்கல் விடுமுறையில் மட்டுமே எடுக்கிறேன். டேங்கை நிரப்பிவைப்பதா, காலியாக வைப்பதா?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: ஓராண்டு நிற்கும் வண்டிக்கு நிரப்பிவைக்கும் பழைய விதி இப்போது பொருந்தாது. எத்தனால் கலக்காத காலத்தில், காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பிவைத்தால் துருப் பிடிக்காது என்பது நல்ல அறிவுரையாக இருந்தது; இரண்டு மூன்று மாத நிறுத்தத்துக்கு இன்றும் அதுவே சரி. ஓராண்டு என்றால், ஊருக்குக் கிளம்பும் முன் டேங்கை முழுதும் வடித்து, உட்சுவர் நனையும்படி கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்த பெட்ரோலை விட்டுக் குலுக்கி வடித்துவிடுங்கள். பிறகு கார்புரேட்டர் கிண்ணம் வற்றும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். கிண்ணத்தில் காயும் பெட்ரோல்தான் ஐடிலிங் ஜெட்டின் மயிரிழைத் துளையில் பச்சை நிறமாக உறைந்து நிற்கும். வாரம் ஒருமுறை வீட்டுக் காவலாளியை விட்டு ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவது பலருடைய வழக்கம். சைலன்சருக்குள் தண்ணீர் தேங்குவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: புதிதாகப் பொருத்திய ஃபில்டர் எப்போது பார்த்தாலும் பாதிதான் நிரம்பியிருக்கிறது. காற்று புகுந்துவிட்டதா? இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றலாமா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: பாதி நிரம்பியிருப்பது இயல்புதான், உள்ளேயுள்ள தாள் பெட்ரோலில் நனைந்திருக்கிறதா, குமிழ்கள் தொடர்ந்து ஓடுகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். ஓடினால் காற்று புகுகிறது. ஃபில்டரின் மேலுள்ள அம்புக்குறி பெட்ரோல் போகும் திசையைக் காட்ட வேண்டும். பம்புக்கு முன்னால், அதாவது டேங்குக்கும் பம்புக்கும் இடையில், வைத்தால் பம்பும் காக்கப்படும். ஆனால் மிக நுண்ணிய தாள் உள்ளதை அங்கே வைத்தால் பம்ப் இழுக்கச் சிரமப்படும். எனவே பம்புக்கு முன்னால் வலை வகை, பின்னால் தாள் வகை என்று இரண்டு வைப்பதே எங்கள் விருப்பம். கண்ணாடி ஃபில்டர் பார்வைக்கு அழகு, ஆனால் உடையக்கூடியது. இன்ஜின் அறைக்குள் உலோக உறையுள்ளதே பத்திரம்.

டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். மரைகளில் நசுங்கும் டேப்பின் பிசிறுகள் பெட்ரோலோடு போய் நீடில் வால்வில் உட்காரும், கார்புரேட்டர் வழியத் தொடங்கும். சிலிக்கோன் பசையும் அப்படியே. பெட்ரோலில் ஊறி இழை இழையாகப் பிரியும். குழாய் நுனியும் அது உட்காரும் இடமும் சுத்தமாகப் பொருந்தினால் அந்த இணைப்புக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. பொருந்தாமல் கசிந்தால், நுனியை அரை அங்குலம் அறுத்துவிட்டுப் புதிதாக விரித்து, புது நட்டைப் போட்டு முடுக்கச் சொல்லுங்கள்.